தூசிக்கு ஒரு கூம்பு

தூசியைப் பற்றிக்கூட ஒரு கட்டுரையா என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். கல்லூரி மலர் என்றால் காதலையும் கவிதையையும் எழுத வேண்டாமா என்றும் கேட்கக்கூடும். அவற்றை எழுத நம்மில் பலர் உண்டு. தூசியை எழுதத்தான் ஆள் இல்லை.

1888-இல் இராபர்ட் ஸ்டேன்ஸ் முயற்சியால் இந்நகரின் முதல் நூற்பாலை எழுந்தது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்யப் பட்டறைகள் பெருகின. கிணற்றுப் பாசனத்துக்குப் பம்பு செய்ய வார்ப்படச் சாலைகள் பெருகின. என் குடும்பம் இவற்றை நம்பியே பிழைத்த குடும்பம். என் ஆத்தா, அதாவது அப்பாவைப் பெற்றவர், ஓர் ஆலையில் பஞ்சு பொறுக்கும் பகுதியில் பல்லாண்டு வேலை பார்த்தவர். "வார லீவு முடிஞ்சு போற மொத நாளு நெஞ்சைக் கட்டிப் புடிச்ச மாதிரி இருக்குங் கண்ணு, அடுத்த நாளு சரியாப் போயிரும்" என்பார். பின்னாளில் அடுத்த நாளும் சரியாகப் போகவில்லை. ஓய்வுக்குப் பின் வரும் முதல் வேலை நாளில் மூச்சு இறுகுவது, பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் என்னும் நுரையீரல் நோயின் தொடக்க அடையாளம் என்பதை நான் நூலகத்தில் படித்தபோது ஆத்தா உயிரோடு இல்லை.

அப்பா பஞ்சை விட்டு மரத்துக்கு வந்தவர். கணபதியில் அவருக்கு ஒரு சிறு பேட்டர்ன் பட்டறை. பம்பின் உடலை இரும்பில் வார்ப்பதற்குமுன் அதே வடிவத்தை மரத்தில் செய்து மணலில் பதிக்க வேண்டும். அந்த மர வடிவந்தான் பேட்டர்ன். உருகிய வார்ப்பிரும்பு ஆறும்போது ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு சுருங்கும். ஆதலால் மரத்தை அந்த அளவுக்குக் கூட்டிச் செய்ய வேண்டும். மணலிலிருந்து பிசிறில்லாமல் எழும்பி வர, மேனி கண்ணாடிபோல் இருக்க வேண்டும். அந்த வழவழப்புக்காக உப்புத்தாள் ஒட்டிய சுழல் தட்டில் நாள் முழுக்கத் தேய்க்கிறார்கள். உளியும் இழைப்புளியும் சீவல் தரும். ரம்பம் தூள் தரும். சுழல் தட்டு தருவது மாவு. சீவல், தூள், மாவு என்ற இந்தப் பாகுபாடு அப்பாவுடையது. இயற்பியல் நூல்களில் இவ்வளவு தெளிவாக நான் கண்டதில்லை.

சென்ற ஆண்டு பட்டறைக்கு ஒரு தூசி உறிஞ்சி வாங்கினோம். அரை மணி நேரத்தில் உள்ளிருக்கும் துணிப்பை அடைத்துக்கொண்டு இழுவை நின்றுவிடும். பையை உதறினால் உறிஞ்சியதெல்லாம் மீண்டும் பட்டறைக்கே வந்துவிடும். உறிஞ்சிக்கும் குழாய்க்கும் நடுவே தூசிப் பிரிப்பான் ஒன்று வைத்தால் பெரும்பகுதி அதிலேயே தங்கிவிடும் என்று சித்தப்பா கேள்விப்பட்டு வந்தார். எதை வாங்குவது என்ற கேள்வி எழுந்ததும், "பிசிக்ஸ் படிக்கறயல்ல சாமி, நீயே பாத்துச் சொல்லு" என்று அப்பா என் தலையில் கட்டிவிட்டார்.

பிரிப்பானின் தத்துவம் நம் வீட்டு முறத்தில் இருக்கிறது. காற்றில் தூற்றினால் மணி காலடியில் விழும், பதர் தள்ளிப் போகும். காங்கேயம் பக்கம் பேருந்தில் போகிறவர்கள் அரிசி ஆலைக் கூரைமேல் தகரக் கூம்புகள் நிற்பதைப் பார்த்திருப்பார்கள். தவிட்டையும் உமியையும் காற்றிலிருந்து பிரிக்கும் அவை முறத்தின் பேரப்பிள்ளைகள். பெயர் சைக்ளோன். காற்று பக்கவாட்டில் நுழைந்து சுவரை ஒட்டிச் சுழன்று இறங்கும். கனமான துகள் சுவரில் மோதிக் கீழே உள்ள டிரம்மில் விழும். காற்று மட்டும் நடுவிலுள்ள குழாய் வழியே மேலேறிப் போய்விடும். வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் 10 சென்டிமீட்டர் ஆரத்தில் சுழலும் துகளின்மேல் புவியீர்ப்பைப் போல் ஏறத்தாழ 230 மடங்கு முடுக்கம் செயல்படுகிறது. நம் பாடப் புத்தகத்துச் சூத்திரத்தில் எண்களை இட்டால் எவரும் காணலாம். இங்கிலாந்தின் ஜேம்ஸ் டைசன், மர அறுவை ஆலையில் இருந்த இத்தகைய கூம்பைப் பார்த்துத்தான் வீட்டுத் தூசி உறிஞ்சிக்குள் அதை அடக்க முனைந்தார்; அதற்கு அவர் செய்து பார்த்த மாதிரிகள் 5,127 என்பார்கள். எங்களுக்கு ஒரே ஒரு மாதிரிக்குத்தான் வசதி.

எங்கள்முன் இருந்த வழிகளுள் தண்ணீர்த் தொட்டி வழியே காற்றை இழுப்பது முதலில் கழிந்தது. சேறாகும், நாறும், தண்ணீரும் நம்மூரில் அப்படி மலிந்து கிடக்கவில்லை. அடுத்தது, டிரம் மூடியில் இரு வளைகுழாய் பொருத்தி நாமே செய்துகொள்வது. செலவு மிகக் குறைவு. சீவலுக்கு அதுவே போதும். ஆனால் டிரம் பாதி நிறைந்ததும் உள்ளே சுழலும் காற்று விழுந்த தூளையே கிளப்பி உறிஞ்சிக்கு அனுப்பிவிடும். மூன்றாவது, ஆயத்தமாகக் கிடைக்கும் பிளாஸ்டிக் கூம்பு. விலை கூடுதல், ஆனால் தூள் கூம்பின் அடிவாயைக் கடந்துவிட்டால் திரும்பி வருவது அரிது.

கூம்பே என்று முடிவானபின் சித்தப்பா பழைய பெயிண்ட் வாளி ஒன்றைக் கொண்டுவந்து "இதும்மேல மாட்டிரலாம்" என்றார். நான் தடுத்தேன். குழாய் வாய் தற்செயலாக அடைபட்டால் உள்ளே அழுத்தம் விழும். வெளிக் காற்றைவிட 20 கிலோபாஸ்கல் குறைந்தால்கூட, 30 சென்டிமீட்டர் அகலமுள்ள மூடியின்மேல் சுமார் 140 கிலோ எடை ஏறி உட்கார்ந்த கணக்கு. வாளி அப்பளம்போல் நொறுங்கும். ஆகவே கனத்த இரும்பு டிரம்மே வாங்கினோம். மூடிக்கு ரப்பர் வளையம் இட்டு, ஊதுவத்திப் புகை காட்டிக் கசிவு பார்த்தோம். அடியில் ஊசிமுனைத் துளை இருந்தாலும் அதன் வழியே ஏறும் காற்று, விழ வேண்டிய தூசியை மேலே தூக்கிவிடும். பிளாஸ்டிக் குழாயில் மின்னூட்டம் ஏறிச் சுரீரென்று அடிக்காமலிருக்க ஒரு செப்புக் கம்பியைச் சுற்றி நிலத்தொடர்பு கொடுத்தோம். இவையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

உண்மையான தேர்வு இனிமேல்தான் இருந்தது. கூம்பு வாங்குமுன் வேறொரு மரப் பட்டறையில் அதே கூம்பு இயங்குவதைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். டிரம்மைத் திறந்து காட்டினார்கள், தூள் நிறைந்திருந்தது. உறிஞ்சியின் பையில் ஏதுமில்லை எனலாம். எல்லோருக்கும் மகிழ்ச்சி. விளக்கை அணைக்கச் சொல்லி, உறிஞ்சி காற்றை வெளித்தள்ளும் வாய்க்கு எதிரே டார்ச்சு அடித்தேன். ஒளிக்கற்றை வெள்ளைத் தூணாகத் தெரிந்தது. ஓட்டுக் கூரையின் ஓட்டை வழியே விழும் வெயிலில் மிதப்பதைப் போன்ற அதே மாவு. டின்டால் விளைவு என்று வகுப்பில் எழுதுகிறோமே, அதுதான்.

கூம்பின்மீது குற்றமில்லை. சுவரை நோக்கித் துகள் நகரும் வேகம் அதன் விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. 100 மைக்ரான் துகளைவிட 5 மைக்ரான் துகள் 400 மடங்கு மெதுவாக நகரும்; சுவரை எட்டுமுன்பே காற்றோடு வெளியேறிவிடும். மூக்கு தடுத்து நிறுத்துவது பெருந்துகளை. நுரையீரலின் அடி ஆழம்வரை போவது இந்த ஐந்து மைக்ரானும் அதற்குக் கீழும். கூம்பு விடுவதும் நெஞ்சு ஏற்பதும் ஒன்றாகவே இருக்கின்றன! 1960-களில் இங்கிலாந்தின் ஹை விக்கம் நகரத்து மரச்சாமான் தொழிலாளரிடையே மூக்கறைப் புற்றுநோய் மிகுந்திருப்பதை மருத்துவர்கள் கண்டார்கள். 1995-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூசியை மனிதருக்குப் புற்று விளைவிப்பவை என்ற முதல் வகுப்பிலேயே வைத்தது.

அப்படியானால் பிரிப்பான் எதற்கு? வடிகட்டியைக் காப்பதற்கு. 0.3 மைக்ரான் துகளில் நூற்றுக்கு 99.97 பங்கைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உண்டு. அதைச் சீவலும் தூளும் நேரே தாக்கினால் விரைவில் அடைபட்டுப் போகும். கூம்பு முன்னே நின்று பெரியதைத் தின்றுவிட்டால், வடிகட்டி மாவை மட்டும் பார்த்துக்கொள்ளும். கூம்பை மட்டும் வாங்கிப் பட்டறை சுத்தமாகிவிட்டது என்று நம்புவது வாங்காமலிருப்பதைவிடக் கெடுதல் என்பது என் கருத்து. தரை பளபளக்கும், எவரும் முகத்தில் துணி கட்ட மாட்டார்கள்.

இதை அப்பாவிடம் சொன்னேன். "அதுக்கும் காசு வேணுமே. ஊதற வாயை செவுத்துக்கு வெளிய விட்டுட்டா ஆகாதா?" என்றார். நல்ல கேள்விதான். திறந்த வெளியாயிருந்தால் அதுவே எளிய வழி. ஆனால் எங்களுக்கு மேற்கே சன்னல். ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசினால் வெளியே தள்ளிய அத்தனையும் உள்ளே திரும்பும். கிழக்கே விடலாமென்றால் பக்கத்து வீட்டுத் துணிக்கொடி. கொடிக்குக் கீழே ஒரு தொட்டில். "ஏனுங்கப்பா, அந்தப் பக்கம் வுடலாங்களா?" என்றேன். அப்பா சிறிது நேரம் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் வடிகட்டிக்குச் சொல்லிவிட்டார். புது ரம்பம் வாங்கச் சேர்த்து வைத்திருந்த பணம் அது.

மிச்சப் பணத்தில் சுழல் தட்டைச் சுற்றித் தகர உறை ஒன்று அடித்து, உறிஞ்சு குழாயை அதில் பொருத்தினோம். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 14-ஆம் பிரிவில், உறிஞ்சும் கருவியைத் தூசி பிறக்கும் இடத்துக்கு இயன்ற அளவு அருகில் வைத்து அவ்விடத்தை மூடவும் சொன்னது. மின்விசையில் இயங்கும் இடத்தில் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் அச்சட்டம் அதைத் தொழிற்சாலை என்று ஏற்றது. எங்கள் பட்டறையில் அப்பா, சித்தப்பா, உதவியாளர் இருவர் ஆக நால்வர். நால்வரின் நெஞ்சும் அதே நெஞ்சுதான் என்பதால் சட்டத்தின் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

இப்போது விளக்கணைத்து டார்ச்சு அடித்தால் வெளிவாயில் ஒளிக்கற்றை தெரிவதில்லை. சுழல் தட்டின் அருகே இன்னும் சிறிது தெரிகிறது. உறையின் வாயைக் குறுக்க வேண்டும். டிரம்மைக் காலி செய்யும்போதும் மாவு எழும்புகிறது. முக்கால் நிறையுமுன் இறக்கி, ஈரச் சாக்கைப் போர்த்திச் சாய்க்கிறோம். டிரம்மின் உள்ளே ஒரு தடித்த பிளாஸ்டிக் பை வைத்துவிட்டால் முடிச்சுப் போட்டு அப்படியே தூக்கிவிடலாமே என்கிறார் சித்தப்பா. உறிஞ்சும்போது பையே மேலே எழும்பிக் கூம்பின் வாயை அடைக்கிறது. பையை டிரம் சுவரோடு இருத்தி வைக்க உள்ளே ஒரு கம்பிக் கூடு வேண்டும். அதற்கு அளவெடுத்து வைத்திருக்கிறேன். தேர்வு முடிந்ததும் செய்ய வேண்டும்.