அப்பாவுக்கு ஒரு கத்தி!

தலைப்பைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். சவரக்கத்தி!

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நாற்பது வருஷம் குழித்தறியில் உட்கார்ந்து பட்டு நெய்தவர் அப்பா. போன வருஷம் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. வீட்டுக்கே வந்து சவரம் செய்த பெரியவருக்கும் தள்ளாமை. ஆக, பத்து நாளைக்கு ஒருமுறை நான்தான். அந்தத் தாடியில் பிளாஸ்டிக் ரேஸர் நாலு இழுப்பிலேயே அடைத்துக்கொள்ளும்.

"என்னடா, வழிக்கிறியா, பிடுங்குறியா?"

கடையில் ஒரு மடக்குக் கத்தி வாங்கினேன். தக்காளியை நறுக்கவே அது யோசித்தது. சரி, நாமே செய்தால் என்ன?

பட்டறை அண்ணனிடம் லாரி ஸ்பிரிங் பட்டையை நீட்டினேன். "இது அருவாளுக்கு ஆகும் தம்பி. தாடிக்குன்னா பழைய அரம் கொண்டா" என்றார். விஷயம் இருக்கிறது. ஸ்பிரிங் பட்டையில் கார்பன் சுமார் 0.6 சதவிகிதம், அரத்தில் ஒன்றுக்கும் மேலே. மெல்லிய கூர் மழுங்காமல் நிற்க அது வேண்டும். இந்த சமாசாரத்தில் நாம் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை சார்! நொய்யல் கரைக் கொடுமணலில், மண் மூசையில் எஃகு உருக்கிய தடயங்கள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. நம் நாட்டு உருக்கைப் போலச் செய்ய லண்டனில் கத்தி வியாபாரி ஸ்டோடர்ட்டும், மின்சாரப் புகழ் ஃபாரடேயும் மண்டையை உடைத்துக்கொண்டு 1820-ல் கட்டுரையே எழுதினார்கள். சோதனை எஃகில் சவரக்கத்தி செய்து நண்பர்களுக்குப் பரிசளித்தார் ஃபாரடே.

என் முதல் கத்தியைப் பரிசளித்திருந்தால் நட்பே போயிருக்கும். சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கியதும் 'டிக்'. விரிசல்! இரண்டாவதை எண்ணெயில் முக்கினோம், தப்பித்தது. அப்படியே விட்டாலும் கண்ணாடி மாதிரி உடையுமாம். மறுபடி 200 டிகிரி சூட்டில், வைக்கோல் நிறம் வரும்வரை வாட்டினோம். தீட்டுவது நான் பயந்த அளவுக்கு இல்லை. கத்தியின் முதுகும் கூரும் கல்லில் சேர்ந்து படிந்தால் கோணம் தானாக அமைந்துவிடுகிறது. கடைசித் தேய்ப்புக்கு என் ஆபீஸ் பெல்ட்.

கைப்பிடி? தந்தம் என்றால் ஜெயில். எருமைக்கொம்பு உத்தமம், கிடைத்ததோ சின்னத் துண்டு. பரணில் அப்பாவின் பழைய நாடா கிடந்தது. நடுவே குடைவு, இருபுறமும் மரச்சட்டம். கத்தி மடங்கி உட்கார அளவெடுத்துச் செய்த மாதிரி! கேட்காமலே அறுத்தேன். தண்ணீரில் ஊறாமலிருக்க ஆளிவிதை எண்ணெய் தடவினேன்.

சோதனை என் கன்னத்தில். மறுநாள் ஆபீஸில், "வீட்ல சண்டையா சார்?"

மூன்று வாரப் பழக்கத்துக்குப் பிறகுதான் அப்பாவிடம் போனேன். நுரை போட்டதும் இடது கையை நீட்டினார். கத்தியை மடக்கிக் கொடுத்தேன். கட்டைவிரலால் பிடியைத் தடவினார். ஓரிடத்தில் விரல் நின்றது. அவர் கை பட்டுப் பட்டுத் தேய்ந்த பள்ளம்.

"இன்னொண்ணு இருந்துதே. அதையும் அறுத்துட்டியா?"

"இல்லப்பா."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. நுரை காய ஆரம்பித்தது.

"சரி, தாடைகிட்ட பாத்து வழி" என்று முகத்தை நிமிர்த்தினார்.