கோடை கேளாத பெட்டி

பொட்டிபுரத்திலிருந்தும் தேவாரத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப்புகள், இருள் பிரியாத வேளையிலேயே முந்தலைக் கடந்து, 17 கொண்டை ஊசி வளைவுகளையும் சுற்றிப் போடிமெட்டின் குளிருக்குள் நுழைந்துவிடும் வழக்கத்தையும், தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு பின்புறத்தில் நெருங்கி அமர்ந்திருக்கும் பெண்கள் பாட்டில்லாத வண்டியில் ஏற மனங்கொள்ளாததையும் இந்தப் பிரதேசத்தில் சில காலம் வாழ்ந்தவர் எவரும் அறிவர். இளையராஜா பிறந்த பண்ணைப்புரத்தை மிக அருகில் வைத்துக்கொண்டிருக்கும் ஊர்களில் பாட்டுக்கு இத்தனை மதிப்பு இருப்பது இயல்புதான். ஆகையால், இங்கே ஒரு ஜீப்பின் என்ஜின் எப்படி இருக்கிறது என்று விசாரிப்பதற்கு முன்பே அதில் என்ன செட்டு போட்டிருக்கிறது என்று விசாரிக்கிறார்கள்.

நான் சொல்லப்போகும் செட்டு, எங்கள் தெருவில் ஜீப் ஓட்டும் ஓர் இளைஞர் சென்னைப் புதுப்பேட்டையில், உடைத்துப் பிரித்த ஜப்பானியக் கார் ஒன்றின் உறுப்புகளோடு வாங்கி வந்தது. முகப்பு கீறலின்றிப் பளபளத்தது. கேஸட் ஒரு பக்கம் முடிந்ததும் தானே திரும்பி மறுபக்கம் பாடியது. இரவில் எண்கள் இளம்பச்சையாய் ஒளிர்ந்தன. குறை ஒன்றே ஒன்று. "மதுரை நல்லாக் கேக்குது சார், கோடை எஃப்.எம். மட்டும் வரவே மாட்டேங்குது" என்று அவர் சொன்னபோது, கேட்டவர்கள் எல்லாரும் ஏரியலைக் குறை சொன்னார்கள். அவர் ஏரியலை மாற்றினார், பிறகு நீளமான ஏரியல் ஒன்றை மாற்றினார், கோடை வரவில்லை.

இதிலுள்ள விசித்திரத்தை இந்தப் பக்கத்து நிலப்பாங்கு தெரிந்தவர்களே முழுமையாக உணர முடியும். கொடைக்கானல் வானொலியின் பண்பலைக் கோபுரம் பழனி மலையின் உச்சியில் நின்று, 100.5 மெகாஹெர்ட்ஸில், கீழேயுள்ள சமவெளி முழுவதையும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு ஒலிபரப்புகிறது. போடிக்கும் அதற்கும் இடையே மறைக்கும் மலை ஏதுமில்லாததால், ஒரு சாண் செப்புக் கம்பியைச் செருகிய சாதாரணப் பெட்டியிலும் அது தெளிவாகக் கேட்கும். மலைகள் பண்பலையைத் தடுப்பது உண்டு என்பது உண்மையே. பொட்டிபுரத்து மலையை நியூட்ரினோ ஆய்வுக்கூடத்திற்குத் தேர்ந்தெடுத்ததற்கு, நாற்புறமும் ஒரு கிலோமீட்டருக்குக் குறையாத சார்னோக்கைட் பாறை காஸ்மிக் கதிர்களை வடிகட்டிவிடும் என்பதே முக்கிய காரணம். அத்தகைய பாறையின் நிழலில் விழும் வளைவுகளில் கோடை கரகரப்பதும், போடிமெட்டைத் தாண்டி மேற்கே இறங்கியதும் அது ஓய்ந்து தேவிகுளம் நிலையத்தின் 101.4 மேலோங்குவதும் எல்லா ஓட்டுநர்களும் அறிந்த சமாசாரம். ஆனால் ஊர் நடுவில், வெட்டவெளியில், நேரெதிரே நிற்கும் நிலையம் கேளாதிருப்பதற்கும், அதைவிட எட்டத்திலுள்ள மதுரை கணீரென்று கேட்பதற்கும் மலை பொறுப்பாகாது.

எனக்கு இந்தச் சங்கதி மனத்தில் தைத்துவிட்டது. போடியில் ரேடியோ மெக்கானிக் ஒருவரிடம் அந்தப் பெட்டியைக் கொண்டு சென்றோம். அவர் மேல்மூடியின் நான்கு திருகுகளைக் கழற்றி, கேஸட் இயந்திரத்தை அப்படியே தூக்கி ஒரு பக்கமாய்ச் சாய்த்துவிட்டு, கீழே ஒரு மூலையில் கட்டைவிரல் அளவு தகரக் கூண்டுக்குள் அடங்கியிருந்த டியூனரைச் சுட்டிக்காட்டினார். பிறகு பெட்டியைப் பழையபடி பூட்டி மின்சாரம் கொடுத்து, தேடும் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "நம்பரைப் பாருங்கய்யா" என்றார். எண்கள் 76.0-இல் தொடங்கி மளமளவென்று ஏறி, 90.0-ஐத் தொட்டதும் மறுபடி 76.0-க்குத் தாவின. 100.5 என்ற எண் அந்தப் பெட்டியின் உலகத்திலேயே இல்லை. "இதுல ரிப்பேர் எதுவும் இல்லைங்கய்யா. அவங்க நாட்டு எஃப்.எம். அங்கேயே முடிஞ்சிருது" என்று அவர் சொல்லிவிட்டு அடுத்த வேலையைக் கவனிக்கப் போய்விட்டார்.

ஏன் அங்கேயே முடிகிறது என்ற கேள்விதான் என்னை வெகுதூரம் அழைத்துச் சென்றது. வானொலித் துறையிலிருந்து ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவரை அணுகியும், பழைய மின்னணுவியல் நூல்களைப் புரட்டியும் நான் அறிந்துகொண்ட வரலாறு இது. உலகின் பெரும்பகுதி 108 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள இடத்தைப் பண்பலை வானொலிக்கு ஒதுக்கியபோது, ஜப்பான் 90-இலிருந்து 108 வரையுள்ள இடத்தைத் தொலைக்காட்சிக்குக் கொடுத்துவிட்டது. ஒவ்வோர் அலைவரிசைக்கும் 6 மெகாஹெர்ட்ஸ் வீதம், 90 முதல் 96 வரை முதலாவது, 96 முதல் 102 வரை இரண்டாவது, 102 முதல் 108 வரை மூன்றாவது என்று மூன்று தொலைக்காட்சி அலைவரிசைகள் அங்கே குடியேறின. வானொலிக்கு 76-இலிருந்து 90 வரையுள்ள இடம் எஞ்சியது. நம் கோடையும் நம் தேவிகுளமும் இந்தக் கணக்குப்படி இரண்டாம் தொலைக்காட்சி அலைவரிசைக்குள் விழுகின்றன. ஓஸாகா நகரத்தார் நெடுங்காலம் என்.எச்.கே.யின் படத்தையும் பேச்சையும் பெற்றுவந்த இடம் அது. ஜப்பானியக் காரில் பயணம் செய்பவருக்குத் தொலைக்காட்சியின் வீட்டுக்குள் வானொலியைத் தேட வேண்டிய அவசியம் என்ன? அதனால்தான் அந்த எல்லையிலேயே வேலி போட்டுப் பெட்டியைச் செய்தார்கள். ஜப்பானின் அந்தப் பழைய தொலைக்காட்சி முறை 2011 ஜூலை 24-ஆம் தேதி பெரும்பாலான மாகாணங்களில் நிறுத்தப்பட்டு, பிற்பாடு வானொலிக்கு 95 வரை இடம் நீண்டது என்றாலும், புதுப்பேட்டைக்கு வந்து சேர்ந்த பெட்டி அந்தக் காலத்திற்கு முந்தியது. பிந்தியதாக இருந்திருந்தாலும் 95-க்கு மேல் 100.5 எட்டியிருக்காது.

இத்தகைய பெட்டிகள் நம்மை மயக்குவதற்கு அவற்றின் உருவ ஒற்றுமையே காரணம் என்பது என் அபிப்பிராயம். ஜெர்மானியர் வகுத்த 75490 என்ற நியமத்தையொட்டி, 1984-இல் ஐ.எஸ்.ஓ. 7736 என்ற சர்வதேச நியமம் வெளிவந்தது. முகப்பு 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம். எந்த நாட்டுப் பெட்டியும் எந்த நாட்டு வண்டியின் துவாரத்திலும் பொருந்திவிடுகிறது. ஜீப்பில் துவாரமே இல்லாவிட்டாலும், டாஷ்போர்டுக்கு அடியில் அந்த அளவுக்குத் தகரக் கூடு அடித்துத் தர போடியில் ஆள் உண்டு. வெளியளவில் உலகம் ஒத்துக்கொண்டது. உள்ளே செல்லும் அலைகளின் கணக்கில் ஒத்துக்கொள்ளவில்லை.

இதை நிரூபிப்பதுபோல், தோட்டக்காரர் ஒருவரின் ஜீப்பில், அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த பெட்டி ஒன்றையும் நான் பார்க்க நேர்ந்தது. அதில் கோடை தேனாய் ஒலித்தது. போடிமெட்டு தாண்டியதும் தேவிகுளத்தை வைத்தால், ஸகரமும் சகரமும் வரும் இடமெல்லாம் ஒலி கிழிந்து சிதறியது. காரணம் அமெரிக்கர் 1945-இல் பண்பலையை 42–50 மெகாஹெர்ட்ஸிலிருந்து இப்போதைய உயரத்துக்கு மாற்றியபோது வகுத்த வரிசையில் இருக்கிறது: 88.1, 88.3, 88.5 என்று 0.2 இடைவெளியில், கடைசி இலக்கம் எப்போதும் ஒற்றைப்படையாகவே நிலையங்களை அமைத்தார்கள். அந்தப் பெட்டி 101.3-இல் நிற்கும்; அடுத்த அடியில் 101.5-க்குத் தாவும்; நடுவிலுள்ள 101.4-இல் அதற்குக் கால் ஊன்ற இடமில்லை. கோடையின் 100.5 ஒற்றைப்படையாய் அமைந்தது தற்செயலான நல்வினை. முள்ளைத் திருகிக் கேட்ட பழைய வானொலிகளில் இந்தத் தொல்லை கிடையாது. அவை வழுக்கிக்கொண்டு எங்கு வேண்டுமானாலும் நிற்கும். எண்களைக் காட்டும் பெட்டிகள் ஒரு பளிங்குத் துண்டின் அதிர்வைக் கணக்காக வைத்துப் படிப்படியாகவே ஏறுகின்றன. படியின் உயரம் அந்தந்த நாட்டுச் சட்டம்.

மத்திய அலையில் இந்தப் படிக் கணக்கு இன்னும் சுவையானது. 1975-இல் ஜெனீவாவில் கூடிய மாநாட்டின் முடிவின்படி, 1978 நவம்பர் 23 முதல் ஐரோப்பாவும் ஆப்பிரிக்காவும் ஆசியாவும் நிலையங்களை 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைத்துக்கொண்டன. அமெரிக்கக் கண்டம் 10-ஐ விடவில்லை. மதுரையின் 1269, திருச்சியின் 936, திருநெல்வேலியின் 1197 எல்லாமே ஒன்பதால் மீதமின்றி வகுபடுபவை என்பதை யாரும் வகுத்துப் பார்த்துக்கொள்ளலாம். ஜப்பானும் அந்த மாநாட்டு முடிவை ஏற்ற நாடு. ஆகவேதான் எங்கள் தெரு ஜீப்பில் மதுரை அத்தனை சுத்தமாகக் கேட்டது. அமெரிக்கப் பெட்டியோ 1270-இல் நின்று மதுரையை ஒருவாறு பிடித்துவிடும். திருச்சிக்கு 930 அல்லது 940 என்று நான்கு ஆறு கிலோஹெர்ட்ஸ் தள்ளி நின்று, மூக்கடைத்தவர் பேசுவது போன்ற குரலைத்தான் தரும். சென்னையின் 720 ஒன்பதாலும் பத்தாலும் வகுபடுகிற எண்ணாகையால், இரவில் அது மலையேறி வரும்போது இரு பெட்டிகளும் வேற்றுமையின்றிக் கேட்டன. அக்காட்சி எனக்கு அளவிறந்த மகிழ்ச்சியைத் தந்தது. கணக்கு கண்முன்னே ஒலியாவதைக் காண்பது அபூர்வம். சில பெட்டிகளின் அடிப்புறத்தில், பேனா முனையால் மட்டுமே நகர்த்தக்கூடிய சிறு சுவிட்ச் ஒன்று இந்தப் படியை மாற்றுவதற்கென்றே வைக்கப்பட்டிருக்கும். பழைய செட்டு வாங்குபவர் முதலில் அதைத் தேடிப் பார்ப்பது நல்லது.

இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. ஏனெனில் அதனால் கருகிப்போன பெட்டிகளை நான் மெக்கானிக்கின் அலமாரியில் பார்த்திருக்கிறேன். பழைய ஜீப்புகளில் ஸ்பீக்கருக்கு ஒற்றை ஒயர்தான் ஓடும். மறுமுனையை வண்டியின் பாடியில் திருகிவிடுவார்கள். ஓடும் வண்டியின் 14.4 வோல்ட்டைக் கொண்டு, 4 ஓம் ஸ்பீக்கர் ஒன்றுக்கு அம்முறையில் ஆறரை வாட்டுக்கு மேல் கொடுக்க இயலாது. மலையேறும் என்ஜினின் இரைச்சலை வெல்ல அது போதாது. எனவே பிற்காலப் பெட்டிகளில் ஸ்பீக்கரின் இரு முனைகளையும் இரு பெருக்கிகள் எதிரெதிராக இழுக்கும்படி செய்தார்கள். அதே பாட்டரியில் நான்கு மடங்கு, 26 வாட் வரை, கணக்களவில் கிடைக்கிறது. இந்தப் பெட்டிகளில் இரு ஒயர்களுமே ஆறேழு வோல்ட்டில் நிற்பவை. ஒன்றைப் பழக்கதோஷத்தால் பாடியில் திருகினால் உள்ளேயிருக்கும் ஐ.சி.யின் ஆயுள் அங்கேயே முடிந்தது. புதுச் செட்டு பொருத்துபவர், பழைய ஸ்பீக்கர் ஒயரை நம்பாமல் இரட்டை ஒயர் புதிதாக இழுப்பதே முறை.

ஜப்பானியப் பெட்டியைத் தூக்கி எறிய அந்த இளைஞருக்கு மனம் வரவில்லை, எனக்கும் வரவில்லை. தீர்வை மெக்கானிக்கே சொன்னார். ஏரியலுக்கும் பெட்டிக்கும் இடையே செருகும் சிறு உலோகக் கூடு ஒன்று உண்டு. வருகிற பண்பலை அலை ஒவ்வொன்றிலிருந்தும் 20 மெகாஹெர்ட்ஸைக் கழித்து, பெட்டிக்குத் தெரிந்த எல்லைக்குள் இறக்கித் தருவது அதன் தொழில். மத்திய அலையை அது தொடாமல் விட்டுவிடும். தானே நீளும் ஏரியலுக்காக ஜப்பானியர் விட்டிருந்த நீல ஒயர், அத்தகைய ஏரியல் இல்லாத ஜீப்பில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. கூட்டுக்கு வேண்டிய மின்சாரத்தை அதிலிருந்தே எடுத்துக்கொடுத்தார். பொத்தானை அழுத்தினோம், 80.5-இல் கோடை வந்தது.

இளைஞர் அன்றைக்கே டாஷ்போர்டின் தகரத்தில் வெள்ளைப் பெயிண்ட்டால் மூன்று வரி எழுதி வைத்தார்: கோடை 80.5, தேவிகுளம் 81.4, மதுரை 1269.