எங்கட வாசலுக்கு எந்தப் பூக்கண்டு?

ராத்தாவுக்குக் கல்யாணம் பேசி முடிந்த கையோடு வீட்டில் எழுந்த முதல் பிரச்சினை வாசல். எங்கள் ஊர்ப்பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார், வீடும் பெண்ணுக்குத்தான். வருகிற சனத்தின் கண்ணில் முதலில் படுவது வாசல்தானே. "பாக்கிற மாதிரி ஒண்டுமே இல்லையே மகள்" என்று உம்மா கவலைப்பட்டதும், தங்கச்சிமார் நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டோம்.

வளவு 10 பேர்ச்சஸ். வீடும் குசினியும் கிணத்தடியும் போக, முன்னுக்கு மிஞ்சுவது 20 அடிக்கு 12 அடி மணல். முன்னர் அதில் கொஞ்சம் பூக்கண்டு இருந்தது. 2022 நெருக்கடியில், வீட்டுத்தோட்டம் செய்யச் சொல்லி அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்த நேரம், எல்லாரையும்போல் நாங்களும் பூவைப் பிடுங்கி மிளகாயும் கத்தரியும் வைத்தோம். அதுவும் போய், இப்போது மிஞ்சியிருந்தது மூலையில் ஒரு மருதோன்றிப் பத்தை மட்டும். முள்ளும் கிளையுமாய்ப் படர்ந்து, பார்க்க ஒரு வடிவும் இல்லாத பத்தை.

வாப்பாவிடம் வேறு திட்டம் இருந்தது. "முழுக்க இன்டர்லொக் கல்லப் போடுவம். கூட்டவும் லேசு, பைக் விடவும் லேசு." அதற்கு மருதோன்றியை வெட்ட வேண்டும். அதில் எங்களுக்கும் மறுப்பு இருக்கவில்லை. ஆனால் கல்லுக்குப் பதில் பூ வைக்கிறோம், கொஞ்சம் பொறுங்க என்று தவணை கேட்டோம்.

அடுத்த வாரமே பூக்கண்டு ஏற்றிய லொறி ஒன்று ஒழுங்கைக்குள் வந்தது. போனில் சேர்த்து வைத்திருந்த படங்களைப் பார்த்துப் பார்த்து ரோஜா நாலு, அந்தூரியம் ரெண்டு, எக்சோரா ஆறு வாங்கினோம். சேர்த்த காசு முழுக்க அதோடு சரி. அது ஜூலை மாதம். கச்சான் காத்து அடிக்கிற காலம். மூன்று கிழமையில் ரோஜா இலை ஓரம் கருகி, மொட்டோடு காய்ந்தது. அந்தூரியம் வெயிலில் வெந்தது. எக்சோரா சாகவில்லை, ஆனால் ஒவ்வோர் இலையும் மஞ்சளாகியது. வாப்பா ஒன்றும் சொல்லவில்லை. கல்லுக்கு விலை கேட்கத் தொடங்கினார்.

ஏன் செத்தது என்று தேடும்போதுதான் நாங்கள் நடந்து திரியும் மண்ணைப் பற்றி முதல்முறையாக யோசித்தோம். இது கடல் மணல். ஊற்றுகிற தண்ணீர் நிற்காது, போடுகிற பசளையும் தண்ணீரோடு கீழே போய்விடும். கிணற்றில் நாம் அள்ளுவது மழைத்தண்ணீர். அது நிலத்துக்கடியில் உப்புத்தண்ணீருக்கு மேல் ஒரு மெல்லிய படையாக மிதந்து நிற்கிறது. கோடையில் படை மெலியும், தண்ணீர் கரிக்கும். ரோஜாவுக்கு உப்பு ஆகாது. அந்தூரியம் மரநிழலில் வளர்கிற சாதி. எக்சோராவுக்குக் கொஞ்சம் புளிப்பான மண் வேண்டும். எங்கள் மணலில் சிப்பித்தூள், மதிலடியில் வீடு கட்டி மிஞ்சிய சீமெந்து. அப்படிப்பட்ட மண்ணில் இரும்புச்சத்தை அதன் வேர் எடுக்க முடியாததால்தான் இலை மஞ்சளாகிறது. ஆக, கண்டில் பிழை இல்லை. எங்கேயோ ஒரு வீட்டுக்குப் பொருத்தமானதை எங்கட வீட்டுக்கு வாங்கியிருக்கிறோம்.

பிறகு போனை வைத்துவிட்டு நடந்தோம். பின்னேரங்களில் கடற்கரையிலிருந்து மெயின் ரோட் வரைக்கும் ஒவ்வோர் ஒழுங்கையாகப் போய், யாரும் பெரிதாகக் கவனிக்காமலே எது செழித்து நிற்கிறது என்று பார்த்தோம். கடற்கரையில் ஊதாப் பூவோடு அடம்பன் கொடி. அதை யாரும் நடவில்லை. அங்கிருந்து மேற்கே வர வர எங்கள் பட்டியல் நீண்டது.

கடதாசிப்பூ. உப்புக் காத்தும் வெயிலும் அதற்குப் பெரிய விசயம் இல்லை. தண்ணீர் கொஞ்சம் குறைந்தால்தான் நிறையப் பூக்கும். நாம் பூ என்று பார்ப்பது நிறம் மாறிய இலை, உண்மையான பூ நடுவில் இருக்கிற சின்ன வெள்ளை. முள் இருப்பதால் மதிலோரம் நல்லது, நடைபாதைக்கு ஆகாது. நித்தியகல்யாணி. மடகாஸ்கரிலிருந்து வந்தது, ஆனால் எங்கள் மணலில் பிறந்ததுபோல் கிடக்கிறது. இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கிற வின்கிறிஸ்டின் மருந்து இதிலிருந்துதான் எடுக்கப்பட்டது. அடேனியம். அடித்தண்டில் தண்ணீரைச் சேர்த்து வைக்கும், சாடிக்குத் தோதானது. பால் நஞ்சு, சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் கவனம். செவ்வரத்தை, குரோட்டன், கற்றாழை. குசினிப் பக்கம் கறிவேப்பிலையும் ரம்பையும். இவை கறிக்கு மட்டும் என்று யார் சொன்னது? ரம்பைப் பத்தை ஒன்று வாசல் ஓரத்தில் நின்றால் அதுவும் வடிவுதான்.

இப்படிப் பார்த்துக்கொண்டு போன ஒரு நாள், மூன்று ஒழுங்கை தள்ளி ஒரு மாமி வீட்டு வேலியில் மருதோன்றி ஒன்று நிறையப் பூத்து நின்றது. வெட்டி வெட்டி அழகாக வளர்த்திருந்தார். அந்த வாசத்துக்கே நின்றுவிட்டோம். "மாமி, இத எங்க வாங்கின?" என்று கேட்டோம்.

"வாங்கிறயா? இது ஒங்கட உம்மம்மா தந்த கம்பு, புள்ள. ஒங்கட வீட்டில நிக்கிறது இதிட கம்பு."

எங்களுக்கு விளங்கவில்லை. மாமி இருத்திவைத்துச் சொன்னார். உம்மம்மாவின் பழைய வீடு கடலடியில் இருந்தது. மருதோன்றி, செவ்வரத்தை, குரோட்டன் என்று வளவு நிறையக் கண்டு. வருகிறவர்களுக்கெல்லாம் கம்பு ஒடித்துக் கொடுக்கிற பழக்கம் அவவுக்கு. 2004 டிசம்பர் 26 அன்று வீடும் வளவும் போனது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் போன நாள் அது. எங்களில் மூத்தவளுக்கு அப்போது ஒரு வயது, இளையவள் பிறக்கவேயில்லை. கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று முதலில் சட்டம் வந்தது. பின்னர் அதைத் தளர்த்தினாலும் உம்மம்மா அந்தப் பக்கம் திரும்பிப் போகவில்லை. உம்மாவுடைய இந்த வளவுக்கே வந்துவிட்டார். வந்த வருசம் மாரியில், முன்னர் தான் கொடுத்த வீடுகளுக்குப் போய், தன்னுடைய கண்டுகளிலிருந்தே ஒவ்வொரு கம்பாகத் திருப்பி வாங்கி வந்து நட்டாராம்.

வீட்டுக்கு வந்து உம்மாவிடம் கேட்டோம். ஏன் இதைச் சொல்லவேயில்லை?

"நீங்க கேக்கல்லயே" என்றார் உம்மா. கொஞ்ச நேரம் கழித்து, "வெட்டுவமெண்டு வாப்பா சொன்னப்ப எனக்கும் ஒரு மாதிரித்தான் இருந்திச்சி. கல்யாண வீடு, என்னத்தச் சொல்ற?"

அன்று இரவு வாப்பாவிடம் பேசினோம். உம்மம்மா கதையைச் சொன்னோம், அதோடு கிணற்றுக் கதையையும் சொன்னோம். சுனாமிக்குப் பிறகு உப்பை எடுக்கிறோம் என்று கிணறுகளைக் கணக்கில்லாமல் இறைத்த இடங்களில், அடியிலிருந்த உப்புத்தண்ணீர் மேலே ஏறியது. கிணறுகளை மெல்ல மெல்லத் தேற்றியது மண்ணுக்குள் இறங்கிய மழைதான். வாசல் முழுக்கக் கல்லும் சீமெந்தும் போட்டால் அந்த மழை எங்கே இறங்கும்? ஒழுங்கைக்குத்தான் ஓடும். மாரியில் எங்கள் ஒழுங்கை நிற்கிற நிலை வாப்பாவுக்கும் தெரியும். கடைசியில் பைக் போக நாலடி அகலத்துக்கு மட்டும் கல் என்று முடிவானது.

ஒக்டோபரில் மழை பிடித்ததும் நட்டோம். குழிக்குள் பொச்சுமட்டையைக் கவிழ்த்து அடுக்கி, அதற்கு மேல் மாட்டெருவும் தும்புத்தூளும் கலந்த மண். பொச்சுமட்டை தண்ணீரைப் பிடித்து வைக்கும். மதிலோரம் உயரமாகக் கடதாசிப்பூ, ஒரே நிறத்தில். அதற்கு முன்னால் குரோட்டன், கல்லோரம் பதிவாக நித்தியகல்யாணி. சாடி இரண்டே இரண்டு, அடியில் தட்டு வைக்கவில்லை. 2017ல் நாடு முழுக்க 1,86,000க்கும் மேற்பட்ட டெங்கு சந்தேக நோயாளர்கள் பதிவான வருசத்தை மறந்துவிட்டுத் தட்டில் தண்ணீர் விட முடியாது. மருதோன்றியை வெட்டாமல் கத்தரித்தோம். எல்லாவற்றுக்கும் சேர்த்துச் செலவு, எருவும் அந்த இரண்டு சாடியும்தான். கண்டெல்லாம் அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கிய கம்பும் நாற்றும்.

பெப்ரவரியில் கல்யாணம். ராத்தாவுக்குக் கையில் போட்டது கோன் மெஹந்திதான், அதை மறைக்க என்ன இருக்கிறது. ஆனால் முதல் நாள் பின்னேரம் ஒழுங்கைச் சின்னப் பிள்ளைகள் எல்லாம் வந்து இலை உருவிக்கொண்டு போனார்கள், அரைத்துப் போட. வாசலில் நின்று போட்டோ எடுத்த சனம் பூவைப் பற்றிக் கேட்டதைவிட "இது யார்ட கம்பு?" என்று கேட்டதுதான் கூட.

இனி இந்த வீடு ராத்தாவுக்கு. பின் வளவில் எங்களுக்குக் கட்ட வேண்டும் என்று இப்போதே பேச்சு. 10 பேர்ச்சஸ் இன்னும் துண்டாகும், மணல் இன்னும் குறையும். எங்கள் ஊரில் பெண்பிள்ளைகள் உள்ள எல்லா வீட்டுக் கணக்கும் இதுதான். நாங்கள் வைத்த இந்த வாசலும் எத்தனை வருசம் நிற்குமோ. அதனால் ஐஸ்கிறீம் டப்பாக்களில் ஓட்டை போட்டு மண் நிரப்பி, எல்லாவற்றிலும் ஒவ்வொரு கம்பு ஊன்றி வைத்திருக்கிறோம்.

நீங்களும் வாசலுக்குப் பூக்கண்டு தேடுகிறீர்கள் என்றால், கடைக்குப் போக முன்னர் ஒருக்கா உங்கட ஒழுங்கையில் நடந்து பாருங்க. மருதோன்றிக் கம்பு வேணுமெண்டா எங்களிடம் கேளுங்க. மாரி தொடங்கினதும் ஒடித்துத் தருகிறோம்.