பத்து டயரா, ஆறு டயரா?

பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். லாரி டயர் பற்றியது. "ரிட்டயர் ஆன பிறகு சாருக்கு இதுதான் வேலையா?" என்று சிரிக்க வேண்டாம். வகுப்பில் நான் தொண்டை வலிக்கச் சொன்ன திருப்புவிசையும் அழுத்தமும் இதில் அப்படியே வருகின்றன.

1994-ல் நம் பள்ளியில் பத்தாம் வகுப்பு முடித்த ஒருவன் இப்போது அமெரிக்காவில் டெக்சாஸில் இருக்கிறான். "பேர் போட்டுடாதீங்க சார்" என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. போன வருடம் ராணுவம் கழித்துவிட்ட எம்35ஏ2 லாரி ஒன்றை ஏலத்தில் எடுத்துவிட்டான். கொரியா, வியட்நாம் போர்களில் ஓடிய குடும்பத்து வண்டி. அந்த ஊரில் இதற்குச் செல்லப்பெயர் 'டியூஸ் அண்ட் எ ஹாஃப்'. கரடுமுரடான இடத்தில் இரண்டரை டன் ஏற்றலாம் என்பதால் அந்தப் பெயர். நல்ல சாலையில் ஐந்து டன்கூடத் தாங்கும். வெறும் வண்டியே சுமார் 13,000 பவுண்டு, ஏறக்குறைய 6,000 கிலோ. மூன்று அச்சுகளும் இழுக்கும். முன்னால் இரண்டு டயர், பின்னால் ஜோடி ஜோடியாக எட்டு, ஆக மொத்தம் பத்து.

வண்டியோடு வந்த டயர்களில் பட்டன் தேயவே இல்லை. ஆனால் பக்கச்சுவர் முழுக்க வெடிப்பு. நின்றே கிழடான டயர்கள். எப்படியும் மாற்றித்தான் ஆக வேண்டும். அவனுக்கு ஓர் ஆசை. பத்தையும் கழற்றிவிட்டு, 14.00ஆர்20 என்ற பெரிய டயரில் ஆறு மட்டும் ஒற்றை ஒற்றையாகப் போட வேண்டும். அதே ராணுவத்தின் ஐந்து டன் லாரிகளில் இருப்பது அது. "பார்க்க யானை மாதிரி நிக்கும் சார். பிள்ளைங்களை உட்கார வெச்சு ஓட்டணும். நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டான்.

பிள்ளைகள் உட்காரப் போகிறார்கள் என்றதும் பேப்பரும் பென்சிலும் எடுத்துக்கொண்டேன்.

முதலில் எண்ணைப் படிப்போம். இந்த வண்டிக்குக் கம்பெனி கொடுத்த அளவு 9.00-20. முதல் எண் டயரின் அகலம், அங்குலத்தில். இரண்டாவது டிஸ்க்கின் விட்டம், அதுவும் அங்குலத்தில். நடுவில் கோடு இருந்தால் பழைய நைலான் வகை. 'ஆர்' இருந்தால் ரேடியல். புது முறையில் 395/85ஆர்20 என்று எழுதுவார்கள். அகலம் 395 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அதில் 85 சதவீதம், அதாவது சுமார் 336. மேலும் கீழும் சேர்த்து 672. டிஸ்க் 20 அங்குலம் என்பது 508. மொத்த உயரம் 1,180 மில்லிமீட்டர், நாற்பத்தாறரை அங்குலம். அளவைப் பார்த்தே உயரத்தைக் கணக்கிட்டுவிடலாம்.

9.00-20 சுமார் 40 அங்குல உயரம். 11.00ஆர்20 சுமார் 43. அவன் ஆசைப்பட்ட 14.00ஆர்20 சுமார் 49. மூன்றுக்கும் டிஸ்க் விட்டம் 20 தான். அதனால் மாட்டிவிடலாம் என்று தோன்றும். ஆனால் இவன் வண்டி டிஸ்க்கின் அகலம் ஏழரை அங்குலம்; 14.00-க்குப் பத்து அங்குலம் வேண்டும். ஆக, டயரோடு டிஸ்க்கும் புதிது.

அது காசு விஷயம், போகட்டும். நான் யோசித்தது பிரேக்கை. பிரேக் டிரம் பிடிப்பது ஒரு திருப்புவிசை. அது தரையில் எவ்வளவு விசையாக மாறுகிறது என்பது சக்கரத்தின் ஆரத்தைப் பொறுத்தது. ஆரம் கூடினால் விசை குறையும். 40-ஐ 49-ஆல் வகுத்தால் 0.82. அதே பெடலை அதே அளவு மிதித்தால், வண்டியை நிறுத்தும் விசை 18 சதவீதம் குறைவு. எம்35ஏ2-வில் இருப்பது காற்று உதவியோடு வேலை செய்யும் ஹைட்ராலிக் பிரேக்; அதுவும் ஒரே சர்க்யூட். எங்காவது ஒரு குழாய் ஒழுகினால் ஆறு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். அப்படிப்பட்ட வண்டியில் இருக்கும் பிரேக்கிலும் ஐந்தில் ஒரு பங்கை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

இழுவைக்கும் இதே கணக்குதான். இந்த வண்டியின் அச்சு விகிதம் 6.72. டயர் 49 அங்குலம் ஆனால் அது ஐந்தரை போல ஆகிவிடும். எஞ்சினோ 130 சொச்சம் குதிரைத்திறன். நாமக்கல்லில் முப்பது வருடம் லாரி ஓட்டிய என் மைத்துனரிடம் சொன்னேன். கணக்கே போடாமல், "மேடு ஏறுறப்ப கிளட்ச் அழும் மாமா" என்றார். ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லும். முள் 50 மைல் காட்டும்போது வண்டி 61-ல் போய்க்கொண்டிருக்கும்.

"அப்ப ராணுவமே பின்னாடி ஒத்தை டயர் போட்டுச்சே சார்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. 1990-களில் இதே லாரியை எம்35ஏ3 என்று புதுப்பித்தபோது பெரிய ஒற்றை டயர் போட்டார்கள். ஆனால் கூடவே எஞ்சினையும் கியர் பாக்ஸையும் மாற்றினார்கள். டயரை மட்டும் மாற்றவில்லை.

நடுவழியாக 11.00 இருக்கிறது. பின்னால் ஒற்றையாகப் போட்டால் பிரேக்கில் இழப்பு 7 சதவீதம்தான். ஆனால் ஜோடியாகப் போட்டால் இரண்டு டயரும் ஒன்றோடொன்று உரசும், சூடேறிக் கிழியும். எந்த அளவானாலும் முன்னும் பின்னும் ஒரே உயரம் வேண்டும். மூன்று அச்சும் இழுக்கிற வண்டியில் ஒன்று பெரிது ஒன்று சிறிது என்றால், கியர்களுக்குள் ஓயாத சண்டைதான்.

கடைசியாக ஒன்றைக் கண்டிப்பாகச் சொன்னேன். இந்த டிஸ்க் லாக் ரிங் போட்டது. 50 பவுண்டு காற்று என்றால் ஒவ்வொரு சதுர அங்குலத்திலும் 50 பவுண்டு தள்ளுகிறது. 9.00-20 டயரின் ஒரு பக்கச்சுவர் ஏறக்குறைய 940 சதுர அங்குலம். பெருக்கினால் 47,000 பவுண்டு, 21 டன். அதில் ஒரு பங்கை அந்த வளையம் தாங்குகிறது. சரியாக உட்காராத ரிங் தெறித்தால் எதிரே நிற்பவன் பிழைப்பது அரிது. இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் காற்றடிக்க வேண்டும். வீட்டு வாசலில் நீயே செய்யாதே, கூண்டு வைத்திருக்கும் கடைக்குக் கொண்டுபோ என்றேன்.

இரண்டு நாள் பதில் இல்லை. கோபமோ என்று நினைத்தேன். மூன்றாம் நாள் குறுஞ்செய்தி வந்தது: "9.00ஆர்20, புது ரேடியல், பத்து ஆர்டர் பண்ணிட்டேன் சார். கூண்டு இருக்கிற கடையும் பார்த்தாச்சு. யானை வேண்டாம், எருமையே போதும்." பிரேக் குழாய்களையும் மாற்றப் போகிறானாம். டயர் ஆர்டரை விட அந்தச் செய்திதான் எனக்கு அதிக நிம்மதி.

லாரி இல்லாதவர்களும் ஒன்று செய்யுங்கள். உங்கள் கார், பைக் டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3512 என்றால் 2012-ம் ஆண்டின் 35-வது வாரம் தயாரானது. பட்டன் எவ்வளவு மீதி என்று பார்ப்பதோடு அதையும் பாருங்கள். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும் வண்டி என்றால் இன்றைக்கே பாருங்கள்.