டார்ச் பிடித்தவள்

எங்கள் வீட்டில் ஃபியூஸ் போனால் அப்பா ஸ்டூல் மேல் ஏறுவார். அண்ணன் கீழே நின்று டெஸ்டரும் கம்பியும் எடுத்துக் கொடுப்பான். டார்ச் பிடிப்பது என் வேலை. "ஆட்டாம பிடி" என்பார் அப்பா. ஃபியூஸ் கட்டையில் கம்பியை எப்படிச் சுற்றுகிறார் என்று எட்டிப் பார்த்தால் வெளிச்சம் நகர்ந்துவிடும், திட்டு விழும். அண்ணன் பத்தாவது முடிப்பதற்குள் தானே ஃபியூஸ் போடக் கற்றுக்கொண்டான். நான் ஆட்டாமல் டார்ச் பிடிக்கக் கற்றுக்கொண்டேன்.

பதினாறு வருடமாக டி.டி.பி. வேலை செய்கிறேன். முதலில் ஓர் அச்சகத்தில். மகள் பிறந்த பிறகு மதுரை திருநகரில் எங்கள் வீட்டு முன்னறையில். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, பட்டிமன்ற நோட்டீஸ், முனைவர் பட்ட ஆய்வேடு எல்லாம் வரும். தினமும் பத்து மணி நேரம் அந்த மேஜை முன்னால்தான். ஆனாலும் சி.பி.யு. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. வெளியே தூசி துடைப்பதோடு சரி.

ஒருநாள் இரவு ஒன்பது மணிக்குக் கரண்ட் போய் வந்தது. யு.பி.எஸ். பேட்டரி செத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பொத்தானை அழுத்தினேன். பீப் சத்தம் இல்லை, ஃபேன் ஓடவில்லை, முன்னால் எரியும் நீல விளக்கும் இல்லை. உள்ளே ஒரு மாணவியின் ஆய்வேடு இருந்தது, 216 பக்கம். மூன்றாம் நாள் அவள் சமர்ப்பிக்க வேண்டும்.

கணவர் கோயம்புத்தூரில் வேலையில் இருந்தார். போனில் சொன்னார்: "நீ எதையும் நோண்டாத. சனிக்கிழமை வந்து கடைக்குக் கொண்டுபோறேன்." வழக்கமாகப் பார்க்கும் சர்வீஸ்காரர் பெட்டியைப் பார்க்காமலே, "மதர்போர்டு போயிருக்கும் மேடம், அஞ்சாயிரத்துக்கு மேல ஆகும். சார் இருக்காரா?" என்றார்.

கடை என்றாலே எனக்குப் பயம். 2019இல் இப்படித்தான் ஒருமுறை போயிற்று. "முக்கியமான ஃபைல் ஏதாவது இருக்கா?" என்று கடையில் கேட்டிருக்கிறார்கள். "ஒண்ணுமில்ல, டைப்பிங் வேலைதான்" என்று இவர் சொல்லியிருக்கிறார். ஃபார்மேட் செய்து கொடுத்துவிட்டார்கள். அதில் 'பால் கணக்கு' என்று ஒரு ஃபோல்டர் வைத்திருந்தேன். அந்தப் பெயரில் இருந்தால் வீட்டில் யாரும் திறக்க மாட்டார்கள். மற்றவர்களுக்கு டைப் செய்த நேரம் போக எனக்காக நான் எழுதியதெல்லாம் அதில் இருந்தது. நான்கு வருட எழுத்து. போனது என்னவென்று யாரிடமும் சொல்லி அழவும் முடியவில்லை. பால் கணக்கு போனதற்கு யாராவது அழுவார்களா?

இப்போது மறுபடியும் ஒரு 'பால் கணக்கு' உள்ளே இருந்தது.

அலமாரியில் ஒரு பழைய புரூஃப் கட்டு கிடந்தது. ஒரு பாலிடெக்னிக் ஆசிரியர் எழுதிய கம்ப்யூட்டர் பழுதுபார்ப்புக் கையேடு. டைப் செய்தது நான், பிழை திருத்தியது நான், பக்கம் அமைத்ததும் நான். ஒற்று எங்கே மிகும் என்று பார்த்தவள், அதில் சொன்னது எனக்கும் ஆகும் என்று நினைத்ததே இல்லை. மகளைத் தூங்க வைத்துவிட்டு அதை எடுத்து விரித்தேன்.

அத்தனை பக்கமும் ஒரே கேள்விதான்: கரண்ட் எதுவரை வருகிறது? சுவரிலிருந்து ஆரம்பித்தேன். அதே சாக்கெட்டில் அயர்ன் பாக்ஸைச் செருகினேன், சூடானது. யு.பி.எஸ்ஸை விட்டுவிட்டு சி.பி.யு.வை நேராகச் சுவரில் செருகினேன், அசைவில்லை. மானிட்டருக்கும் சி.பி.யு.வுக்கும் ஒரே மாதிரிக் கார்டுதான். மாற்றிப் போட்டேன். மானிட்டர் எரிந்தது, பெட்டி எரியவில்லை. பின்பக்கத்துச் சின்ன ஸ்விட்ச் ஆனில்தான் இருந்தது. கார்டைப் பிடுங்கிவிட்டு, தேங்கிய மின்சாரம் வடியட்டும் என்று பொத்தானைப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடித்து, மறுபடி செருகினேன். ஊஹூம்.

இனி பெட்டியைத் திறக்க வேண்டும். பக்கத் தகட்டில் இரண்டே ஸ்க்ரூ. கார்டைப் பிடுங்கியாகிவிட்டது, ஆனாலும் கை நடுங்கியது. கரண்ட் விஷயத்தில் பொம்பளைக்கு என்ன வேலை என்று கேட்டே வளர்ந்த கை. அதே கை தினமும் ஈரத்தோடு மிக்ஸி போடுகிறது, லேசாக ஷாக் அடிக்கும் கிரைண்டரில் மாவு தள்ளுகிறது. அங்கெல்லாம் "தொடாத" என்று யாரும் சொன்னதில்லை.

செல்போன் டார்ச்சைப் புத்தக அடுக்கில் சாய்த்து வைத்தேன். பிடிக்க ஆளில்லை. உள்ளே ஒட்டடையும் ஒரு செத்த பல்லியும். மதர்போர்டில் உப்பிய கெப்பாசிட்டர் எதுவும் இல்லை. முன் பொத்தானே பழுதாகியிருக்கலாம் என்று, அதன் ஒயர் வந்து சேரும் இரண்டு ஊசிகளிலிருந்து ஒயரைக் கழற்றிவிட்டு, கார்டைச் செருகி, ஊசிகளை ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு கணம் சேர்த்துத் தொட்டேன். அப்போதும் ஒன்றுமில்லை.

மிச்சம் எஸ்.எம்.பி.எஸ். மறுபடி கார்டைப் பிடுங்கினேன். மதர்போர்டிலிருந்து 24 பின் கனெக்டரையும், மற்ற இடங்களுக்குப் போகும் ஒயர்களையும் கழற்றினேன். அந்தக் கனெக்டரில் பச்சை ஒயர் ஒன்றே ஒன்று. அதையும் பக்கத்துக் கறுப்பு ஒயரையும் வளைத்த ஜெம் கிளிப்பால் இணைத்தால், எஸ்.எம்.பி.எஸ். தன்னை ஓடச் சொல்வதாக எடுத்துக்கொள்ளும். இணைத்தேன். கையை எடுத்துவிட்டுச் சுவர் ஸ்விட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றவில்லை. கரண்ட் நின்ற இடம் தெரிந்துவிட்டது.

எஸ்.எம்.பி.எஸ். டப்பாவை மட்டும் திறக்கக் கூடாது. கார்டைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் ஆளைத் தூக்கியெறியும் மின்சாரம் தங்கியிருக்கும். பயப்பட வேண்டிய இடம் எது என்று துல்லியமாகத் தெரிந்ததும் மற்ற இடங்களில் பயம் விட்டுப்போனது.

காலையில் பெரியார் பஸ் ஸ்டாண்டுக்குப் பஸ் ஏறினேன். கடைப் பையன், "எஸ்.எம்.பி.எஸ்.னு யாருக்கா பாத்துச் சொன்னது?" என்றான். "நான்தான் பாத்தேன்." "சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்குங்கக்கா, திருப்பி எடுக்க மாட்டோம்." 450 வாட்ஸ், 24 பின், தனியாக 4 பின், சாட்டா இரண்டு என்று எழுதி வந்த சீட்டை நீட்டினேன். பில் போடும் முன் ஓட்டிக் காட்டச் சொன்னேன். 1,150 ரூபாய்.

நான்கு ஸ்க்ரூ கழற்றி, நான்கு ஸ்க்ரூ மாட்டி, ஒயர்களைச் செருகிப் பொத்தானை அழுத்தினேன். பீப். ஆய்வேடு இருந்தது. பால் கணக்கும் இருந்தது. முதல் வேலையாக இரண்டையும் பென்டிரைவில் ஏற்றினேன்.

உண்மையிலேயே மதர்போர்டு போயிருந்தால் கடைக்குத்தான் போயிருப்பேன். ஆனால் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி பீரோவில் வைத்துவிட்டுத்தான் பெட்டியைக் கொடுத்திருப்பேன். அதற்கும் நான்கு ஸ்க்ரூதான். 2019இல் இது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

சில மாதம் கழித்து ஒரு மொழிபெயர்ப்பு நூலுக்குப் பக்கம் அமைத்தேன். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 1946இல் உலகத்துக்குக் காட்டப்பட்ட எனியாக் கணினி பற்றி அதில் வந்தது. ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள் கொண்ட இயந்திரம். அதற்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள்: கே மக்நல்டி, ஜீன் ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான்சஸ் பிலஸ், ரூத் லிக்டர்மன். சொல்லிக்கொடுக்கப் புத்தகம் எதுவும் கிடையாது. வரைபடங்களைப் பார்த்தே கற்று, எந்தக் குழாய் கெட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்கும் அளவுக்கு வந்தார்கள். அந்தப் பிப்ரவரி மாத வெற்றி விருந்துக்கு அவர்களை அழைக்கவில்லை.

நான் டைப் செய்த கையேட்டின் முதல் அத்தியாயத்திலும் எனியாக் உண்டு. எக்கர்ட், மாக்லி என்று இரண்டு ஆண்களின் பெயர் மட்டும். நானே மூன்று தடவை பிழை திருத்திய பக்கம் அது. ஏதோ விடுபட்டிருக்கிறது என்று எனக்கு ஒருதடவைகூடத் தோன்றவில்லை.

போன வாரம் எதிர்வீட்டுப் பெண் வந்து கூப்பிட்டாள். கல்லூரியில் முதலாண்டு படிக்கிறாள். "ஆன்ட்டி, எங்க கம்ப்யூட்டர் ஆன் ஆகல. அப்பா சாயந்தரம் வரட்டும்ங்கறாங்க." ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு போனேன். சுவர், கார்டு, ஸ்விட்ச் எல்லாம் பார்த்தாயிற்று. பெட்டியைத் திறக்கும் கட்டம் வந்ததும் அவள் செல்போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். யாரும் சொல்லாமலே.

டார்ச்சை நான் வாங்கிக்கொண்டு ஸ்க்ரூ டிரைவரை அவள் கையில் கொடுத்தேன். ஆட்டாமல் பிடித்தேன். அதுதான் எனக்கு நன்றாக வருமே.