படி எழுதாத கணக்கு

எட்டாம் வகுப்பில் பயிலும் எம் பேத்தி, ஒரு மாலைப் பொழுதில் கணக்குப் புத்தகத்துடன் எம் அருகில் வந்தமர்ந்தாள். 500 ரூபாய் அடக்க விலையுள்ள சேலைக்கு 20 விழுக்காடு கூட்டி விலை குறிக்கிறார் ஒரு வணிகர். பின்னர், குறித்த விலையில் 20 விழுக்காடு தள்ளுபடி தருகிறார். அவருக்கு இலாபமா, நட்டமா என்பது வினா.

நாற்பதாண்டுகள் துணிக்கடை நடத்தியவரன்றோ நாம்! "இரண்டும் இல்லை, ஏற்றியதை இறக்கிவிட்டார்" என்று உடனே விடை பகர்ந்தோம்.

"படி எழுதிப் பாருங்க, நன்னா" என்றாள்.

எழுதினோம். 500இல் 20 விழுக்காடு 100. ஆகவே குறித்த விலை 600. தள்ளுபடியோ 600க்கு உரியது. அதில் 20 விழுக்காடு 120. 600இல் 120 போக 480. நட்டம் 20 ரூபாய், நூற்றுக்கு 4. அடக்க விலை திரும்பக் கிடைக்க வேண்டுமாயின், முதலில் 25 விழுக்காடு கூட்டி 625 எனக் குறித்திருக்க வேண்டும்.

அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. 1983ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளையொட்டி, தேங்கிய சரக்கை அடக்க விலைக்கே தள்ளிவிட எண்ணி, இதே கணக்கைத்தான் போட்டோம். தள்ளுபடி என்ற பெயரால் வாங்குவோர் கண்ணைக் கட்டும் எண்ணமும் அதில் இருந்ததை மறைப்பானேன்? அடக்கத்தில் 50,000 ரூபாய்ச் சரக்கு விற்றது. கல்லாவில் 48,000 சேர்ந்தது. கல்லாவில் அமர்ந்திருந்தவர் எம் மைத்துனர். நாம் எதுவும் கேட்கவில்லை. ஒரு பார்வை பார்த்தோம். மறுவாரமே அவர் விலகினார். அதன்பின் எம் வாசலை மிதிக்கவில்லை. இடையில் நின்று தவித்தவர் எம் துணைவியார்.

50,000க்கு நூற்றுக்கு 4 வீதம் 2,000. ஒரு காசும் குறையவில்லை.

9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மீயின் நூற்பெயரிலுள்ள 'அல்-ஜப்ர்' என்னும் சொல்லே அல்ஜீப்ரா ஆயிற்று. முறிந்த எலும்பைப் பொருத்துவதையும் அச்சொல் குறிக்கும்.

மறுநாள் அத்தாளை எடுத்துக்கொண்டு மைத்துனர் இல்லம் சென்றோம். கண்ணாடி அணிந்து வரிவரியாகப் படித்தார். "அன்றைக்கே கேட்டிருக்கலாமே, மச்சான்" என்றார். எம்மிடம் மறுமொழி இல்லை. உள்ளே திரும்பித் தேநீர் கொண்டுவரச் சொன்னார்.

பிள்ளைகள் படிப்படியாக எழுதும்போது, "விடையை மட்டும் சொல்" என்று அவசரப்படுத்தாதீர்கள். விடையை மட்டும் கண்டு தீர்ப்பளித்து, நாற்பதாண்டு உறவை இழந்தவர் நாம்.