மழைக்கு இரண்டு நாள்

"மழைக்காலத்திலே யாராவது உல்லாசப் பிரயாணம் போவார்களா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார்.

"நாங்கள் போகிறோம். அதுவும் மழை பெய்கிற இடமாகப் பார்த்துத்தான் போகிறோம்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் மூளையைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள், "குற்றாலத்துக்கு" என்று முடித்தேன். உடனே அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படிச் சொல்லுமே! எனக்கும் சேர்த்து ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வாரும்!" என்றார்.

உதகமண்டலம் குளிர்வதற்கு அதன் உயரமே காரணம். 7,000 அடிக்கு மேலே போய்விட்டால், மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் கம்பளி வேண்டியதுதான். குற்றாலமோ கடல் மட்டத்துக்கு 500 அடிக்குச் சற்று மேலே, மலையடிவாரத்தில் இருக்கும் ஊர். அதற்குக் குளிர்ச்சியைக் கொடுப்பவை காற்றும் சாரலுமே. ஜூன் மாதத் தொடக்கத்தில் தென்மேற்குப் பருவக்காற்று கேரளக் கரையில் ஏறி, மேற்கு மலைத் தொடரில் மோதி, மழையைக் கொட்டுகிறது. செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாயில் மலை சற்றுத் தாழ்ந்து வழி விடுகிறது. அந்த வழியாகக் காற்று புகுந்து வருகிறது. மலைமேல் பெருமழை, அடிவாரத்தில் பூந்தூறல். கிழக்கே திருநெல்வேலிச் சீமையில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும் அதே ஆனி, ஆடி மாதங்களில்தான் குற்றாலத்துக்கு ஸீஸன்.

ஆகவே, குற்றாலத்துக்குப் பிரயாணத் திட்டம் போடுகிறவன் மழையையும் கலந்துகொண்டுதான் திட்டம் போட வேண்டும். இந்த உண்மையை நான் நஷ்டப்பட்டே தெரிந்துகொண்டேன்.

என் தாயாருக்கு வயது எழுபத்து நான்கு. கல்யாணமான புதிதில் பேரருவியில் ஒரு முறை நீராடியிருக்கிறாள். "கண்ணை மூடுவதற்குள் இன்னொரு தடவை அந்தத் தண்ணீர் தலையில் விழ வேண்டும்" என்று பல வருஷங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சென்ற ஆண்டு தீபாவளி விடுமுறையை ஒட்டி எனக்கு லீவு கிடைத்தது. இரண்டே நாள். பஞ்சாங்கத்தையும் பார்க்கவில்லை, வானத்தையும் பார்க்கவில்லை. ரயில் சீட்டை மட்டும் பார்த்துக்கொண்டு புறப்பட்டுவிட்டேன்.

ஐப்பசி மாதம் வடகிழக்குப் பருவமழைக் காலம். அப்போது அருவிக்கு வருவது சாரல் அல்ல, வெள்ளம். பேரருவிக்கு முன்னால் பாதுகாப்புக்காக ஒரு வளைவு கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் அதைத் தாண்டிக் கொட்டினால் குளிக்கத் தடை. நாங்கள் போன இரண்டு நாளும் செந்நிற வெள்ளம் அந்த வளைவைத் தாண்டிச் சீறிக்கொண்டிருந்தது. தாயார் தூரத்தில் நின்று, காற்றில் பறந்துவந்த திவலைகளை முகத்தில் தடவிக்கொண்டாள். "பார்த்தாகிவிட்டது, போதும் அப்பா" என்றாள். அந்தப் "போதும்" என்ற வார்த்தை எட்டு மாத காலம் என்னைத் தூங்கவிடவில்லை.

இந்த ஆண்டு வேறுவிதமாக ஏற்பாடு செய்தேன். ஆனி மாதக் கடைசியில் ஐந்து நாள் லீவு எடுத்தேன். மூன்று நாள் எங்களுக்கு. இரண்டு நாள் மழைக்கு. சனி, ஞாயிறுகளில் கூட்டம் நெருக்கித் தள்ளுமாதலால் அந்த நாட்களை விலக்கினேன். திரும்பி வரும் ரயில் சீட்டையும் ஐந்தாம் நாளுக்கே வாங்கினேன். சென்னையிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறினால் மறுநாள் காலை தென்காசி. அங்கிருந்து குற்றாலம் 5 கிலோமீட்டர்தான். பெட்டியில் எண்ணெய்க் குப்பியை வைக்கப்போன என் மனைவியைத் தடுத்தேன். அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு எதற்கும் இப்போது அனுமதி இல்லை. மலைக்கும் ஆற்றுக்கும் அது நல்லதுதானே?

போன அன்று நல்ல வெயில். ஆயினும் பேரருவியில் தடை! கூட வந்த மருமகப் பிள்ளைக்குப் பத்தொன்பது வயது; இரத்தம் துள்ளுகிற பருவம். "மாமா, வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. போலீஸ்காரர் அந்தப் பக்கம் போனதும் ஒரே ஓட்டமாக ஓடி நனைந்துவிட்டு வந்துவிடுகிறேன்" என்றான்.

அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னேன்: "நீ பார்க்கிறது இந்த ஊர் வானம். அருவிக்குத் தண்ணீர் கொடுக்கிறது மலை உச்சியிலுள்ள வானம். அங்கே கொட்டுகிற மழை உன் கண்ணுக்குத் தெரியாது. 2024-ஆம் வருஷம் மே மாதம் 17-ஆம் தேதி பழைய குற்றால அருவியில் இப்படித்தான் ஜனங்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று வெள்ளம் வந்தது. பதினேழு வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனான். உன்னைவிட இரண்டு வயது சின்னவன்."

மருமகன் அதன் பிறகு ஓட்டத்தைப் பற்றிப் பேசவில்லை.

தடை இருந்த நாட்களும் வீண்போகவில்லை. சித்திர சபைக்குச் சென்றோம். நடராஜப் பெருமானின் ஐந்து சபைகளில் ஒன்றான அங்கே இறைவன் ஓவியமாக ஆடுகிறார். கடைத்தெருவில் மங்குஸ்தானும் ரம்புத்தானும் வாங்கித் தின்றோம். ரசிகமணி டி.கே.சி. தம் நண்பர்களுடன் தமிழ்க் கவிதையைச் சுவைத்து வாழ்ந்த ஊர் இது என்பதை மருமகனுக்குச் சொன்னேன். அவன் நாலாவது ரம்புத்தானை உரித்துக்கொண்டே கேட்டான்.

மூன்றாம் நாள் விடியற்காலை, தங்கியிருந்த இடத்துக் காவற்காரர் கதவைத் தட்டி, "தண்ணீர் இறங்கிவிட்டது, விடுகிறார்கள்!" என்றார்.

மலையிலிருந்து விழும் நீர் நேரே நம் தலைமேல் விழுந்தால் யாரும் பிழைக்க முடியாது. இடையிலே பாறையில் இயற்கை குடைந்து வைத்த பொங்குமாங்கடல் என்னும் பெரும் பள்ளம் அதன் வேகத்தைத் தாங்கி, பொங்கி, பிறகே கீழே விடுகிறது. பெண்கள் குளிக்கும் பக்கத்தில் என் மனைவி தாயாரின் கையைப் பிடித்து அழைத்துச் சென்றாள். ஐந்து நிமிஷம் இருக்கும். தாயார் நனைந்த தலையும் நடுங்கும் உதடுகளுமாகத் திரும்பி வந்தாள். துண்டைக் கொடுத்தேன். வாங்கிக்கொள்ளாமல் அருவியைத் திரும்பிப் பார்த்தாள்.

"தண்ணீர் அன்றைக்கு இருந்த மாதிரியே இருக்கிறது. நான்தான் கொஞ்சம் இளைத்துவிட்டேன்" என்றாள்.

பிறகு துண்டை வாங்கித் தலையைத் துவட்டிக்கொண்டே, "இன்னும் இரண்டு நாள் இருக்கிறதல்லவா?" என்று கேட்டாள்.